கந்தகம் என்று நினைத்த மஞ்சள்

மதினி,

இன்று காலை ஓர் எலி தன்னைச் சொறிந்துகொள்வதைப் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஆய்வுக்கூடத்து விலங்கறையில், பித்தக்குழாயைக் கட்டிவிட்ட எலி அது. காதும் வாலும் மஞ்சளேறிக் கிடந்தன. பின்னங்காலைத் தூக்கிக் கழுத்தைப் பறட்டுப் பறட்டென்று சொறிந்தது. நிறுத்தி, எதையோ யோசிப்பதுபோல் இருந்துவிட்டு மறுபடி சொறிந்தது. பக்கத்தில் நின்ற என் பேராசிரியர், "நல்லா வந்திருக்கு, குறிச்சுக்கோம்மா" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அடைப்பு சரியாக விழுந்திருக்கிறது, ஆய்வு சரியாகப் போகிறது என்று பொருள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. கூண்டைச் சாத்திவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கதவுநிலையில் முதுகை வைத்துத் தேய்த்துக்கொண்டு நின்றீர்களாம். உங்களோடு வேலைபார்த்த பேச்சியம்மாள் சொன்னாள். சீப்பை எடுத்து உள்ளங்காலைச் சொறிந்தீர்களாம். நான் பார்க்காத அந்தக் காட்சி எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரிகிறது.

போய்ச்சேர்ந்தவர்களிடம் நல்ல வார்த்தைதான் பேச வேண்டும் என்பார்கள். அதெல்லாம் எனக்கு ஒத்துவராது என்று உங்களுக்கே தெரியும். உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அண்ணன்மேல் அதைவிடக் கூடுதல். காமாலைக்கு மந்திரித்த அந்த வைத்தியன்மேல் இருப்பதையெல்லாம் எழுதினால் தாள் தாங்காது.

நான் மதுரையில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த புதிதில் நம் ஊர் தாயில்பட்டிக்கு வந்திருந்தேன். "அங்கன போயி என்னதான் பண்றீக நாத்தனாரே?" என்று கேட்டீர்கள். புருஷனின் தங்கையை, அதுவும் உங்கள் கையாலேயே சடை பின்னிவிட்ட என்னை, வேண்டுமென்றே மரியாதை போட்டு அழைத்து வம்பிழுப்பது உங்கள் வழக்கம். நான் விளக்கமாகச் சொன்னேன். கல்லீரலில் பித்தநீர் சுரக்கிறது, அது ஒரு குழாய் வழியாகக் குடலுக்குப் போகிறது, அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் கல்லீரலுக்குள் என்னென்ன நடக்கிறது என்று பார்க்கிறோம், அதற்காக எலியின் குழாயை நூல்போட்டுக் கட்டுகிறோம் என்று. தலைமுண்டை அவிழ்த்துக் கந்தகப் பொடியை வாசலில் உதறிக்கொண்டே கேட்டீர்கள். "அந்தச் சீவனுக்கு எதுக்குக் குழாயக் கட்டுறீக? உங்க அண்ணன் வாயக் கட்டுங்க, ஊருக்கே புண்ணியமாப் போகும்" என்றீர்கள். விருதுநகரிலிருந்து வாங்கிவந்த எண்ணெய்ப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்த அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் பரோட்டாவை நீங்களும் ஆசையாகச் சாப்பிட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு சுருண்டீர்கள். வலி முதுகுக்கு ஓடுகிறது என்றீர்கள். வாயு என்றாள் அம்மா. அண்ணன் ஓடிப்போய்ச் சோடா வாங்கிவந்தான். பித்தப்பையில் கல் இருந்தால் இப்படித்தான் வலிக்கும், ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். "சீசன் முடியட்டும்" என்றீர்கள். நம் ஊரில் சீசன் எப்போது முடிந்திருக்கிறது மதினி? ஒரு தீபாவளிக்கு லோடு ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் அடுத்த தீபாவளிக்கு ஆர்டர் வந்து நிற்கும்.

நீங்கள் பட்டாசுக் கம்பெனியில் கந்தகம் சலிக்கிற கொட்டகையில் இருந்தீர்கள். கந்தகம் சலிப்பவளின் கை மஞ்சளாக இருந்தால் யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்? நகக்கண், காதுமடல், சேலை ஓரம் எல்லாம் எப்போதும் மஞ்சள்தான். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்குகிற பெண்களில் அலுமினியப் பொடியில் வேலைசெய்தவர்கள் சாம்பல் நிறத்தில் இறங்குவார்கள், நீங்களும் பேச்சியம்மாளும் மஞ்சளாக இறங்குவீர்கள். ஆளைப் பார்த்தே எந்தக் கொட்டகை என்று சொல்லிவிடலாம். வேறு எந்த ஊராக இருந்தாலும் எதிர்வீட்டுக்காரியே, என்னத்தா காமாலையா என்று கேட்டிருப்பாள். நம் ஊரில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பேச்சியம்மாள் உங்களுக்கு எதிரே உட்கார்ந்து சல்லடை பிடித்தவள். எல்லாம் முடிந்தபிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் உள்ளங்கை அரித்ததாம், அப்புறம் உள்ளங்கால், அப்புறம் உடம்பு முழுக்க. போர்மேனிடம் சொல்லியிருக்கிறீர்கள். "சீசன்ல மேலு அரிக்காதவ யாரு இருக்கா? தேங்காண்ணெயத் தடவிட்டு வா" என்றானாம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிருக்கிறது. அங்கே கக்கூஸ் தூரம் என்று பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை, அதனால் அது சூடு என்று ஆகிவிட்டது. வெளிக்குப் போனது வெளுத்துச் சுண்ணாம்பாய் இருந்ததை அவளிடம் மட்டும், அதையும் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறீர்கள். குளித்தீர்கள், சீயக்காய் போட்டுத் தேய்த்தீர்கள், மஞ்சள் போகவில்லை. கந்தகம் ஊறிப்போச்சு என்று முடித்துக்கொண்டீர்கள்.

வெள்ளை முழியில் கந்தகம் ஒட்டாது மதினி. பட்டால் எரியும், சிவக்கும், தண்ணீர் கொட்டும். மஞ்சளாகாது. உங்கள் கண்ணின் வெள்ளையை அந்தக் கம்பெனியில் ஒரே ஓர் ஆள் நின்று பார்த்திருந்தால் போதும்.

நான் போன் செய்தபோது, "மேலெல்லாம் அரிக்குன்னு அம்மா சொன்னாளே" என்று கேட்டேன். "கந்தகந்தேன் நாத்தனாரே, நீங்க உங்க எலியப் பாருங்க" என்று வைத்துவிட்டீர்கள். வைத்தபிறகு அம்மாவிடம் திரும்பி, இனிமேல் அவளிடம் ஒன்றும் சொல்லக்கூடாது, வந்தால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள், ஆர்டர் பாதியில் நிற்கிறது என்று கண்டித்துச் சொல்லியிருக்கிறீர்கள். அம்மா அப்படியே வாயை மூடிக்கொண்டாள். என்னை மற்ற எல்லாவற்றுக்கும் கூப்பிட்டீர்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் பேச, போனில் படம் வரவில்லை என்றால்கூட. இந்த ஒன்றுக்குத்தான் கூப்பிடவில்லை. இதற்காகத்தான் உங்கள்மேல் கோபம், இது ஆறவே இல்லை.

கடைசியில் அண்ணன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் உங்கள் கண்ணைப் பார்த்திருக்கிறான். பார்த்ததும் என்னை அழைத்திருக்கலாம். வைத்தியனிடம் கூட்டிப்போனான். அவனைக் கேட்டால் அதில் ஒரு நியாயம் வைத்திருக்கிறான். இளவட்டமாக இருந்தபோது அவனுக்குக் காமாலை வந்தது. அதே வைத்தியன்தான் இறக்கினான். அண்ணனுக்கு வந்தது தண்ணீரில் பரவுகிற கிருமிக் காமாலை. பத்தியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் அது தானாகவே இறங்கிவிடும். உங்களுக்கு வந்தது அடைப்பு. குழாயில் சிக்கிய கல்லுக்கு எந்தப் பச்சிலையும் கணக்கில்லை. இரண்டுக்கும் நம் ஊரில் ஒரே பெயர், ஒரே வைத்தியன்.

காமாலை என்கிற சேதி எனக்கு வந்ததே அப்போதுதான். அன்று ராத்திரி அண்ணன் போனில் அவ்வளவு சந்தோஷமாகப் பேசினான். "ஏ புள்ள, ஒம் மதினிக்குக் காமாலை வந்து இறங்கிருச்சு. வைத்தியரு கைய நீட்டச் சொல்லி ஏதோ சாறு தடவுனாரு. மந்திரிச்சுட்டுச் சுண்ணாம்புத் தண்ணிய ஊத்துனாரு. தண்ணி அம்புட்டும் மஞ்சளா வடிஞ்சுச்சு. நானே பாத்தேன். நாளைக்கு வேலைக்குப் போவா."  இப்போதே வண்டி பிடித்துக் கூட்டிவா என்று கத்தினேன். "அதேன் இறங்கிருச்சுன்னு சொல்றேன்ல" என்று அவனும் கத்தினான். விடிந்ததும் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன்.

நான் வந்து சேருவதற்குள் நீங்கள் காலையிலேயே வேலைக்குப் போய், சல்லடையைப் பிடித்தபடியே நடுங்க ஆரம்பித்துத் திரும்பி வந்திருந்தீர்கள். போர்வைக்குள் பல் கிட்டித்துக் கிடந்தீர்கள். இமையை விலக்கிப் பார்த்தேன். நான் கட்டிய எந்த எலியும் அவ்வளவு மஞ்சளாகவில்லை மதினி.

ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது என் மடியில் தலைவைத்திருந்தீர்கள். திருத்தங்கல் தாண்டியதும் கண்ணைத் திறந்து, "அந்த எலிகளுக்குக் கட்ட அவுத்துவிட்டாப் பிழைச்சுக்கிருமா?" என்று கேட்டீர்கள். பிழைத்துக்கொள்ளும் என்றேன். "அப்ப எனக்கும் அவுத்துவிடச் சொல்லுங்க" என்றீர்கள். அதில்தான் கிண்டலே இல்லை. நீங்கள் என்னிடம் கிண்டல் இல்லாமல் கேட்ட ஒரே ஒரு காரியம் அது.

ஆஸ்பத்திரியில் அவர்கள் செய்யாதது ஒன்றுமில்லை. தேங்கிய பித்தநீரில் கிருமி இறங்கிச் சீழாகி, இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். இரத்த அழுத்தம் நிற்கவில்லை. பித்தநீர் குடலுக்குப் போகாததால் வைட்டமின் கே உடம்பில் சேராமல், ஊசி குத்திய இடமெல்லாம் இரத்தம் கட்டி நீலமாகிவிட்டது. குழாயை உள்ளே விடுவதற்கு உடம்பு தாங்கும் நிலைக்கு வரட்டும் என்று காத்திருந்தார்கள். உடம்பு அந்த நிலைக்கு வரவே இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வீடு நிறையச் சனம். அண்ணன் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "காமாலையத்தேன் வைத்தியரு இறக்கிட்டாரே. அதுக்கப்புறம் வேற ஏதோ காய்ச்சல் வந்துருச்சு. அவ விதி." நான் அடுப்படியில் நின்று கேட்டேன். விதியாம். கொல்லைக்குப் போய் மாமரத்துப் பட்டையைச் செதுக்கினேன். அம்மியில் நசுக்கிச் சாறெடுத்தேன். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைச் சொம்புத் தண்ணீரில் கரைத்தேன். எல்லாரும் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து, சாற்றை என் கையில் தடவிக்கொண்டு, "ஊத்துண்ணே" என்றேன்.

"ஏட்டி, துட்டி வீட்டுல என்னட்டி இது?" என்று அம்மா பதறினாள். அண்ணன் ஊற்றவில்லை. நானே ஊற்றிக்கொண்டேன். என் கையிலிருந்து தண்ணீர் மஞ்சளாக வடிந்தது. எனக்கும் காமாலை, பாருங்கள் என்றேன். அண்ணன் கையைப் பிடித்து இழுத்துத் தடவி ஊற்றினேன். அவனுக்கும் காமாலை. பட்டைச் சாற்றில் இருக்கிற பொருள் சுண்ணாம்பில் பட்டால் மஞ்சளாகும், செத்தவள் கையில் தடவினாலும் ஆகும், வெள்ளை முழியில்தான் கந்தகம் ஒட்டாது, அதை நேரத்தோடு பார்த்திருக்க வேண்டும் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அண்ணன் ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவனோடு பேச்சை நிறுத்தினேன்.

உங்களுக்கு நடந்தது என்ன என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததை இப்போதாவது சொல்கிறேன்.

பித்த அமிலங்கள் சோப்பு மாதிரி. குடலில் எண்ணெயைக் கரைப்பதுதான் அவற்றின் வேலை. வழி அடைத்தால், தங்களை உண்டாக்கிய கல்லீரல் செல்லுக்குள்ளேயே தேங்கும். அந்தச் செல்லின் உட்கருவில் ஓர் ஏற்பிப் புரதம் இருக்கிறது. பித்த அமிலம் மிஞ்சிப்போனதை அது கண்டுகொள்ளும். உடனே புதிய பித்த அமிலம் தயாரிக்கிற மரபணுவை மட்டுப்படுத்தும். குடல்பக்கம் போக முடியாததை இரத்தத்தின் பக்கமாக வெளியேற்ற, அந்தப் பக்கத்துச் சவ்வில் கடத்திப் புரதங்களைக் கூட்டும். பிலிருபின் என்கிற மஞ்சள் நிறமியும் அப்படித்தான் உங்கள் இரத்தத்துக்கு வந்து தோலில் படிந்தது. கூடவே வந்த பொருள்கள் நரம்பு நுனிகளைக் கிளறிவிட்டதால் அரித்தது. அந்த மஞ்சளையும் அரிப்பையும் அனுப்பியபோது உங்கள் கல்லீரல் சாகவில்லை. சாகாமல் இருக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் உங்களுக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தது. அந்த அவகாசத்தில்தான் நீங்கள் கந்தகம் சலித்தீர்கள்.

அதற்கும் மேல் முடியாமல் போனபோது செல்லுக்கு ஆற்றல் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகியிருக்கும். அடிபட்ட செல்கள் இரசாயனச் சமிக்ஞை விட்டு வெள்ளணுக்களைக் கூப்பிடும். அவை திமுதிமுவென்று வந்து, கிருமியைக் கொல்ல வைத்திருக்கிற நச்சு ஆக்சிஜனை அந்தச் செல்கள்மேலேயே கொட்டும். காயத்தில் பெரும்பங்கு, உதவிக்கு வந்தவர்கள் செய்வதுதான். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் வீட்டு ஆட்கள் ஞாபகம் வரும். வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு சிவனே என்று கிடக்கிற வேறு சில செல்கள் விழித்துக்கொண்டு நாராக நெய்து தள்ளும். அடைப்பை நேரத்தோடு எடுத்துவிட்டால் இதில் முக்கால்வாசி சரியாகிவிடும். அதை எலியில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பிழைத்துக்கொள்ளும் என்று உங்களிடம் சொன்னேன்.

இந்த வருஷச் சீசனில் ஒருநாள், ஆய்வுக்கூட வாசலில் யாரோ தேடுகிறார்கள் என்று காவலாளி கூப்பிட்டார். போனால் அண்ணன் நிற்கிறான். பின்னால் முக்காட்டோடு பேச்சியம்மாள். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் காவலாளியிடம் சொல்வதுபோல், "கண்ணு மஞ்சளா இருக்கு. வெள்ளை முழியில கந்தகம் ஒட்டாதுல்ல" என்றான்.

பேச்சியம்மாளுக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. "உங்க அண்ணன் தெனமும் வேன்கிட்ட நின்னுக்கிட்டுப் பொம்பளைக முழியவே உத்து உத்துப் பாக்காரு தாயி. போன வாரம் ஒருத்தி செருப்பக் கழட்டிட்டா. அப்பயும் போகலையே! இன்னைக்கு என்னைய வேன்ல ஏறவே விடல. சீசன் நேரம், ஒருநாள் கூலி போச்சு" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவள் இமையை விலக்கிப் பார்த்தேன். அண்ணன் சரியாகத்தான் பார்த்திருந்தான்.

ஸ்கேனில் கல் தெரிந்தது. பித்தக்குழாய் குடலில் போய்ச் சேருகிற வாயில் சிக்கியிருந்தது. உங்களுக்கும் அங்கேதான். மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாயை விட்டு, சின்னக் கம்பிக்கூடையில் கல்லை வளைத்து இழுத்துவிட்டார்கள். நானும் அண்ணனும் வெளியே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் வாங்கிய டீ ஆறுவதற்குள் டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். சாயங்காலம் பேச்சியம்மாள் பசிக்கிறது என்றாள். இரண்டொரு நாளில் அரிப்பு அடங்கியது. கண் வெளுக்க ஆரம்பித்தது.

டாக்டர் கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அண்ணன் கையில் கொடுத்தார். பட்டாணி அளவுகூட இல்லை. அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். என் பக்கம் திரும்பினான்.

"இம்புட்டுத்தானா வைத்தியம்?"

நான் அவன் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தேன்.

"ஒம் மதினிக்கும் இம்புட்டுத்தானா பண்ணியிருப்பாக?"

உங்கள் உடம்பு வேறு மாதிரி, உங்கள் கல் பெரிது என்று ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அவன் முகம் அப்படி இருந்தது. எனக்கு மனசு வரவில்லை. "ஆமாண்ணே, இம்புட்டுத்தான்" என்றேன். பதினாறாம் நாளுக்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அதைச் சொன்னால் என் கோபம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை மதினி. ஒரு டீ ஆறுகிற நேரம்தான் உங்களுக்குத் தேவைப்பட்டது.